மெக்சிகோ சிட்டில நல்ல இத்தாலியன் ரெஸ்டாரண்ட் எது? அங்க இருக்க நம்ம மாவட்டத்துக்காரங்க கொஞ்சம் சொல்லுங்க

தக்கலைப் பையன்:

மக்களே வணக்கம். கம்பெனில இருந்து என்னைய மெக்சிகோ சிட்டிக்கு அனுப்புறாங்க, அடுத்த மாசம் கெளம்பணும், ஒரு வருஷத்துக்கு கொறையாம அங்க தான் இருப்பு. ஆபீஸ் போலன்கோல, வீடு ரோமா நோர்தே இல்லன்னா கொண்டேசா பக்கம் பாக்கோம். வீட்டுக்காரியும் கூட வாறா.

விஷயம் என்னன்னா அவளுக்கு இத்தாலியன் சாப்பாடுன்னா அவ்வளவு இஷ்டம். திருவனந்தபுரத்துல வேலை பாத்தப்ப பழகினது, இப்ப தக்கலைல வீட்லயே முட்டை ஒடச்சு ஊத்தி மாவு பெசஞ்சு, பூரிக்கட்டையால பரத்தி, கத்தி வச்சு நீளமா வெட்டி பாஸ்தா போடுவா. எங்க அம்மை மொதல்ல என்ன எளவு இதுன்னு பாத்துட்டு இருந்தவங்க இப்ப அவங்களே தக்காளி வதக்கிக் குடுக்காங்க. ஆனா வீட்டுக்காரி சைவம், முட்டை மட்டும் உண்டு, மீனும் கறியும் தொடவே மாட்டா. நான் எல்லாம் தின்னுவேன்.

கல்யாண நாளு அங்க வச்சு தான் வருது. அன்னைக்கு அவள ஒரு நல்ல இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்கு கூட்டிட்டுப் போகணும், வெல கூடினாலும் பரவால்ல, அவளுக்கு மனசு நெறையணும். அது போக சாதாரண நாள்ல ரெண்டு பேரும் நடந்து போய் சாப்ட்டுட்டு வர கையக் கடிக்காத கடையும் வேணும். நெட்ல தேடினா ஏகப்பட்ட லிஸ்ட் வருது, ஒண்ணுக்கொண்ணு பொருந்தவே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தன் மெக்சிகோக்குப் போய் இத்தாலியன் தேடுறது வீண் வேலைன்னு சொல்லுகான், அப்படியா?

எங்க அம்மையும் அப்பாவும் நடுவுல வந்து கொஞ்ச நாள் நிப்பாங்க. அம்மைக்கு பாதி வெந்தது எதுவும் ஆகாது. அதையும் மனசுல வச்சு சொன்னா உபகாரமா இருக்கும்.

குளச்சல் மருமக:

தம்பி, நான் குளச்சல்ல கட்டிக்குடுத்தவ, வீட்டுக்காரருக்கு இங்க வேலை, கொஞ்ச வருஷமா மெக்சிகோ சிட்டில தான் இருக்கோம். ஆபீஸ்காரர் சொன்னத விடுங்க. இந்த ஊர்ல இத்தாலியன் சாப்பாடு நெசமாவே நல்லா இருக்கு. நீங்க வீடு பாக்குற ரோமா, கொண்டேசா, பொறவு ஆபீஸ் இருக்க போலன்கோ, இந்த மூணு ஏரியாலயும் தான் சொல்லிக்கிடுற மாதிரி இத்தாலியன் கடைல முக்காவாசி இருக்கு, அதனால நீங்க எங்கயும் தேடி அலைய வேண்டாம்.

கல்யாண நாளுக்கு ரெண்டு பேரு சொல்லுகேன். ஒண்ணு ரோசெட்டா, ரோமா நோர்தேல கொலிமா தெருவுல ஒரு பழைய பங்களா வீடு, 2010ல ஆரம்பிச்சது. எலெனா ரெய்காதாஸ்னு ஒரு அம்மா தான் செஃப், மெக்சிகோக்காரங்க, லண்டன்ல ஒரு பெரிய இத்தாலியன் ரெஸ்டாரண்ட்ல வேலை பாத்துட்டு வந்து இங்க கடை போட்டவங்க. 2023ல உலகத்துலயே சிறந்த பெண் செஃப்னு அவார்ட் குடுத்தாங்க, 2024ல மெக்சிகோக்கு மொத தடவையா மிஷெலின் கைடு (நல்ல ரெஸ்டாரண்டுக்கு ஸ்டார் குடுக்க புக்கு) வந்தப்ப ரோசெட்டாக்கு ஒரு ஸ்டார் கெடச்சுது. ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க, ஆரம்பத்துல இத்தாலியன்னு தொடங்கினாலும் இப்ப அங்க சமைக்கிறது பாதிக்கு மேல மெக்சிகோ மண்ணோட காயும் கீரையும் மொளகாயும் தான். இத்தாலிக்காரங்க பாஸ்தா மாவ பெசயுற கைப்பக்குவம் இருக்கும், ஆனா தட்டுல வர்றது இந்த ஊர் வாசனை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனா இத்தாலிலயே சாப்பிடுற மாதிரி வேணும்னு நெனச்சுட்டுப் போறவங்களுக்கு ஒரு சின்ன ஏமாத்தம் வரலாம்.

ரெண்டாவது சர்தோரியா, அதே ரோமா நோர்தேல ஒரிசாபா தெரு. அங்க செஃப் மார்கோ கார்போனி, இத்தாலில மோதெனாக்காரர். மோதெனா இருக்க எமிலியா ரொமாஞா பக்கம் பாஸ்தான்னாலே மாவும் முட்டையும் போட்டு கையால பரத்தி வெட்டுறது தான், தக்கலைல உங்க வீட்டுக்காரி செய்றாளே அதே மொற. அதனால நீங்க என்னைய கேட்டா கல்யாண நாளுக்கு சர்தோரியா தான் சொல்லுவேன். தான் வீட்ல பெசஞ்சு பாத்த ஒரு சாதனத்த அதச் செஞ்சே வளந்த ஊர்க்காரர் கையால தின்னு பாக்கும்போது தான் மாவு எவ்வளவு மெல்லிசா பரத்தலாம், எங்க நிறுத்தணும்னு அவளுக்குப் புரியும், அந்த சந்தோஷம் வேற. ரோசெட்டாவ இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுங்க. ரெண்டுக்கும் முன்கூட்டி புக் பண்ணாம போகாதீங்க, வெள்ளி சனி ராத்திரின்னா ரொம்ப முன்னாடியே பண்ணணும்.

ரோசெட்டா அம்மாவுக்கே ஒரு பேக்கரி இருக்கு, பனதெரியா ரோசெட்டா, அதே கொலிமா தெருவுல தான். கொய்யாப்பழ ஜாம் வச்சு சுருட்டின ஒரு பன்னு போடுவாங்க, காலைல லைன் நிக்கும், நின்னாலும் தப்பில்ல. கொண்டேசால லார்தோன்னு ஒரு கடை, அதுவும் அவங்களோடது தான், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தெறந்திருக்கும், ரோசெட்டா அளவு வெல இல்ல, கொஞ்சம் லேசான மனசோட போய் உக்காரலாம்.

சாதாரண நாளுக்கு பீட்சான்னா கன்சீனோ, வெறகு அடுப்புல போடுறது. கொஞ்சம் அமைதியா உக்காந்து பாஸ்தா சாப்பிடணும்னா லூயிஸ் கப்ரேரா பிளாசால நோன் சோலோ, எதுத்தாப்ல நீரூற்று, மரத்து நெழல், சாயங்காலம் நடந்துட்டு வந்து வெளிய போட்டிருக்க மேசைல உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது. போலன்கோ பக்கம்னா லோஸ்தெரியா தெல் பெக்கோ, அது கம்பெனிக்காரங்க பெரிய பார்ட்டிகள கூட்டிட்டுப் போற கடை, வெலயும் அதுக்கேத்த வெல. சொந்தக் காச செலவு பண்ணி அங்க போகணும்னு நான் சொல்ல மாட்டேன்.

அம்மையும் அப்பாவும் வந்தா இத்தாலியன்னிஸ்னு ஒரு செயின் உண்டு, பெரிய மால்ல எல்லாம் இருக்கும். மெக்சிகோல டோமினோஸும் ஸ்டார்பக்ஸும் நடத்துற அல்சேயா கம்பெனி தான் அதையும் நடத்துறது. ருசில ரோமா கடைங்க பக்கத்துல வராது, ஆனா பாஸ்தா நல்லா வெந்து சாஸ் நெறய ஊத்தி பெரிய தட்டுல வரும், வயசானவங்களுக்கு அது தான் சௌரியம்.

இங்க மத்தியான சாப்பாடு தான் பெரிய சாப்பாடு, ரெண்டு மணிக்கு மேல தான் கடைல கூட்டம் சேரும், நாலு அஞ்சு மணி வரைக்கும் ஓடும். நம்ம ஊர் வழக்கத்துல பன்னெண்டரைக்கு போய் நின்னா அடுக்களை ரெடியா இருக்காது. பில்லு நீங்க கேட்டா தான் கொண்டு வருவாங்க, கேக்காம பில்ல நீட்டுறது இங்க மரியாதக் கொறவு. மெனுல போட்டிருக்க வெலைலயே 16 சதவீத வரி சேந்திருக்கும், டிப்ஸ் 10ல இருந்து 15 சதவீதம் நம்மளா குடுக்கணும், கார்டு மெஷின நீட்டும்போதே எத்தனன்னு கேப்பாங்க. பைப்புத் தண்ணி மட்டும் குடிக்காதீங்க.

வடசேரி சைவம்:

அக்கா எல்லாம் நல்லா சொல்லிட்டாங்க, நான் சைவத்துக்கு மட்டும் சேக்கேன். நான் குவாதலஹாராவுல படிச்சேன், லீவுக்கு அடிக்கடி மெக்சிகோ சிட்டில தான் இருப்பேன், சுத்த சைவம்.

அண்ணே, மொதல்ல ஒண்ணு மனசுல வைங்க, மெக்சிகோல கறி இல்லாமன்னு சொன்னா பல பேருக்கு மாட்டுக்கறியும் பன்னிக்கறியும் மட்டும் தான் கறி. கோழியும் ஹாமும் (பதப்படுத்தின பன்னித் தொடை) மீனும் அவங்க கணக்குல வேற. நான் தங்கின தெரு முக்குல ஒரு பீட்சாக் கடை, சைவம்னு ரெண்டு தடவ அழுத்திச் சொல்லி வாங்கின பீட்சால சீஸுக்கு அடில பொடிப்பொடியா ஹாம் கெடந்துது, கேட்டா அது வாசனைக்கு கொஞ்சம் தானேன்னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. அதனால ஒவ்வொண்ணா சொல்லணும். சின் கார்னே (கறி இல்லாம), சின் போயோ (கோழி இல்லாம), சின் ஹமோன் (ஹாம் இல்லாம), சின் பெஸ்காதோ (மீன் இல்லாம). இத எழுதி போன்ல வச்சுக்கிடுங்க, வெயிட்டர்ட்ட காட்டினா போதும், கோவிச்சுக்கிட மாட்டாங்க, அடுக்களைல போய் கேட்டுட்டு வந்தே சொல்லுவாங்க.

இத்தாலியன்ல மறஞ்சு இருக்க சாதனம் தான் பிரச்சினை. ரிசோட்டோ பாக்க காளான் சோறு மாதிரி இருக்கும், ஆனா கோழி வேகவச்ச தண்ணில தான் கிண்டியிருப்பாங்க. மினெஸ்ட்ரோனே சூப்புக்கும் அதே கத. புட்டனெஸ்காங்கற பாஸ்தா சாஸுல நெத்திலி உண்டு. பன்னா கோட்டாங்கற இனிப்புல மாட்டு எலும்பு தோலுல இருந்து எடுக்க ஜெலட்டின் இருக்கும். பார்மேசான் சீஸு கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்க ரென்னெட் வச்சு தான் ஒறைய வைக்காங்க, ஒங்க வீட்டுக்காரங்க அது வரைக்கும் பாப்பாங்களா இல்லையான்னு அவங்க தான் சொல்லணும், நான் பாப்பேன்.

பயமில்லாம சாப்பிட பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ஆல்யோ எ ஓல்யோ, தக்காளி பொமொதோரோ, சீஸே இல்லாத மரினாரா பீட்சா இருக்கு. சீஸ் ஓகேன்னா மார்கெரீட்டா, கத்திரிக்கா பார்மிஜானா, அப்பறம் காச்சோ எ பெப்பே. இது சீஸும் நல்லமொளகும் மட்டும் தான், நல்லமொளக அப்ப அப்ப இடிச்சுப் போடணும், நல்ல கடைல தட்டு வரதுக்கு முன்னாடியே அந்த வாசனை வந்துரும்.

மழக்காலத்துல போனா பூசணிப்பூ கேளுங்க. மெக்சிகோல அத சோளத் தோசைக்குள்ள வச்சு ரோட்டோரத்துல விப்பாங்க, சந்தைல கட்டுக்கட்டா மஞ்சளா குவிச்சு வச்சிருப்பாங்க. இத்தாலிக்காரங்களும் அதே பூவத் தான் உள்ள ரிகோட்டா சீஸ் அடச்சு மாவுல முக்கிப் பொரிப்பாங்க. பூவு அன்னைக்குப் பறிச்சதா இருந்தா தான் ருசி, மெக்சிகோ சிட்டில அன்னைக்குப் பறிச்ச பூவு சாதாரணமாக் கெடைக்கும். உள்ள நெத்திலி வைக்க பழக்கமும் உண்டு, கேட்டுட்டு வாங்குங்க.

ஆரல்வாய்மொழிக் காத்து:

எல்லாரும் சொல்லுறது செரி தான், ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிருகேன். மெக்சிகோ சாப்பாடுன்னா லேசுப்பட்டதா? அந்த நாட்டுச் சாப்பாட்ட 2010ல யுனெஸ்கோ கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. சான் ரஃபாயேல்ல எல் கலிஃபா தெ லியோன்னு ஒரு டாக்கோ கடை, நின்னு தின்னுற கடை, உள்ள கல்லும் அடுப்பும் நாலு ஆளும் நிக்க தான் எடம், அதுக்கு 2024ல மிஷெலின் ஸ்டார் குடுத்தாங்க. அப்படிப்பட்ட ஊருக்குப் போய் மொத வாரமே பாஸ்தா தேடினா அந்த ஊர நீங்க எப்ப பாப்பீங்க? நாகர்கோவிலுக்கு வந்த விருந்தாளி தீயலும் அவியலும் இருக்க வீட்ல நூடுல்ஸ் கேட்டா நமக்கு எப்படி இருக்கும். மொத ரெண்டு மூணு மாசம் சோளமும் மொளகாயும் பயறும் தின்னு பழகுங்க தம்பி, பொறவு இத்தாலியன் போலாம், கட ஓடிப் போகாது.

முட்டம் கேலி:

ஆரல்வாய்மொழிக்காரர் வருத்தம் ஞாயம் தான், ஆனா அவர் ரெண்டையும் எதுத்தெதுத்து நிறுத்துறது எனக்கு ஒத்துக்கிடல. நான் முட்டத்துக்காரன், குரூஸ் கப்பல்ல கேலில, அதாவது கப்பல் அடுக்களைல வேலை, அதுலயும் இத்தாலியன் ரெஸ்டாரண்ட் செக்ஷன்ல தான் ரொம்ப நாளா இருக்கேன், மெக்சிகோ கரை நமக்கு நல்ல பழக்கம். இத்தாலியன் சாப்பாட்டுல தக்காளி எடுத்துருங்க, என்ன மிச்சம் இருக்கும்? அந்தத் தக்காளிய வளத்து சமைக்கப் பழகினது மெக்சிகோக்காரங்க தான். ஸ்பெயின்காரங்க கப்பல்ல ஏத்திட்டுப் போய் தான் 1500கள்ல இத்தாலிக்கு வந்து சேந்துச்சு, அங்கயும் ரொம்ப நாளு அத பயந்துட்டு தொடாம வச்சிருந்தாங்க. நேப்பிள்ஸ்ல தக்காளி சாஸுக்கு செய்முறைன்னு எழுத்துல வந்தது 1690கள்ல தான். நம்ம மொளகாயும் அங்க இருந்து போர்ச்சுகீஸ்காரன் கொண்டு வந்தது. அதனால மெக்சிகோல இத்தாலியன் தின்னா அந்த ஊருக்குக் கொறச்சல் ஒண்ணும் இல்ல. அது போக மெக்சிகோ வீடுங்கள்லயே பாஸ்தா உண்டு. ஃபிதேயோன்னு நம்ம சேமியா மாதிரி பொடிசா இருக்கத எண்ணெய்ல செவக்க வறுத்து தக்காளி அரச்சு ஊத்தி வேகவைப்பாங்க, கொழந்தைங்களுக்கு வாரம் ஒருக்கா கட்டாயம். பொப்லானோ மொளகாயச் சுட்டு தோலுரிச்சு கிரீமோட அரச்சு ஸ்பாகெட்டில ஊத்துவாங்க, பச்சை ஸ்பாகெட்டின்னு பேரு, கிறிஸ்மஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் அது இல்லாம இருக்காது. யாராவது வீட்டுக்கு விளிச்சா அத கேட்டு தின்னு பாருங்க தம்பி.

கடை நல்ல கடையான்னு உள்ள போகாமலே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுகேன். மெனுல கார்போனாரா பாஸ்தா எங்கன்னு பாருங்க, அதுல கிரீம்னு எழுதியிருந்தா நான் அங்க பாஸ்தா வாங்க மாட்டேன். அது முட்ட மஞ்சக்கருவும் பெக்கொரீனோ சீஸும் பன்னிக் கன்னத்துக் கொழுப்பும் நல்லமொளகும் மட்டும், பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி விட்டு அடுப்புல இருந்து எறக்கி வச்சு கிண்டினா அதுவே கிரீம் மாதிரி திரண்டு வரும். சூடு கூடிச்சுன்னா முட்ட திரிஞ்சு பொரியலாப் போயிரும். அந்தப் பயத்துல தான் பல பேரு கிரீம ஊத்திருவாங்க. கிரீம் இல்லாம செய்ற கடைல கை தெரிஞ்ச ஆளு இருக்கான்னு அர்த்தம், மத்தது எல்லாம் தைரியமா வாங்கலாம். வீட்டுக்காரி அத தொட மாட்டா, நீங்க மெனு மட்டும் பாத்தா போதும்.

அம்மை விஷயம். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர் ஒசரத்துல இருக்கு, அங்க தண்ணி 92 டிகிரி சொச்சத்துலயே கொதிச்சுரும், 100க்கு ஏறவே ஏறாது. நம்ம கடலோரத்துல பத்து நிமிஷத்துல வேகுற பாஸ்தாக்கு அங்க கூட ரெண்டு மூணு நிமிஷம் வேணும். போதாததுக்கு நல்ல இத்தாலியன் கடைல நடுவுல ஒரு சின்ன விறைப்பு இருக்க மாதிரி தான் எறக்குவாங்க. அம்மைக்கு ஆர்டர் பண்ணும்போது பியென் கொசிதான்னு சொல்லுங்க, நல்லா வேகவச்சுக் குடுப்பாங்க. திராமிசுங்கற இனிப்புல பச்ச முட்ட இருக்கும், அம்மைக்கு அது வேண்டாம். இன்னொண்ணு, ஊர்ல இருந்து பிரஷர் குக்கர் கட்டாயம் கொண்டு போங்க, பெட்டில வெயிட்டு கூடினாலும் பரவால்ல. அந்த ஒசரத்துல தெறந்த பானைல புழுங்கலரிசி வேகவைக்கப் பாத்தா கேஸு தீந்துரும், பருப்பு கல்லு மாதிரி நிக்கும். வீட்ல பீட்சா மாவு பெசஞ்சாலும் அங்க காத்தழுத்தம் கொறவுங்கறதால மாவு சீக்கிரம் பொங்கிரும், சீக்கிரம் காஞ்சும் போகும், ஈஸ்ட கொறச்சு தண்ணிய கொஞ்சம் கூட்டணும்னு வீட்டுக்காரிட்ட சொல்லுங்க.

லீவு கெடச்சா ஒரு தடவ திஹுவானா போங்க. சீசர் சாலட் இத்தாலி நாட்டுதுன்னு பல பேரு நெனப்பு, அமெரிக்காதுன்னும் சொல்லுவாங்க. அது பொறந்தது திஹுவானால, 1924 ஜூலை 4ன்னு சொல்லுவாங்க. சீசர் கார்தினின்னு இத்தாலில இருந்து வந்த ஆளு, அமெரிக்கால அப்ப மதுவிலக்கு, அங்க உள்ளவங்க குடிக்கிறதுக்குன்னே எல்லை தாண்டி திஹுவானா வருவாங்க, அவங்கள நம்பி கடை போட்டாரு. கூட்டம் தாங்காம அடுக்களைல சாதனம் தீந்து போய் இருந்தத வச்சு கலந்து குடுத்தாருன்னு கத. அவெனிதா ரெவலூசியோன்ல சீசர்ஸ்ங்கற கடை இன்னைக்கும் இருக்கு. கப்பல் என்சனாடால நின்ன ஒரு நாளு நான் அங்க போயிருக்கேன். ஒரு தள்ளுவண்டிய மேசைகிட்ட உருட்டிட்டு வந்து, பெரிய மரக்கிண்ணத்துல பூண்டும் நெத்திலியும் கடுகு விழுதும் போட்டு நசுக்கி, முட்ட மஞ்சக்கரு, எலுமிச்ச, வூஸ்டர் சாஸ், துருவின சீஸு ஒவ்வொண்ணா விட்டு, ஒரு கையால எண்ணெய நூல் மாதிரி ஊத்திட்டே மறு கையால விடாம கிண்டினாரு ஒரு பெரியவரு, கிண்ணத்து ஓரம் ஒரு சொட்டு தெறிக்கல. லெட்டூஸ் எலய வெட்டவே இல்ல, முழுசு முழுசா அதுல பொரட்டி தட்டுல அடுக்கி ஒரு வறுத்த ரொட்டித் துண்டோட வச்சாரு. ஆரம்பத்துல கார்தினி செஞ்சதுல நெத்திலி தனியா கெடையாது, அந்த வூஸ்டர் சாஸுக்குள்ள இருக்கது மட்டும் தான்னு சொல்லுவாங்க. இப்ப உள்ளதுல உண்டு, அதனால சைவம் அந்தக் கிண்ணத்தத் தொட வேண்டாம்.

இத்தாலிக்காரன் உப்புல மாசக்கணக்கா அடுக்கி பாரம் ஏத்தி வச்சு பொறவு எண்ணெய்ல போடுற நெத்திலி நம்ம முட்டத்துல வெயில்ல காயப்போடுற கருவாட்டுக்குக் கிட்ட கூட வராது, அது என் தனிப்பட்ட அபிப்பிராயம். நீங்க மீன் தின்னுறவரு, ரெண்டையும் தின்னு பாத்துட்டு சொல்லுங்க. ஒயின் குடிக்க பழக்கம் உண்டுன்னா பாஜா கலிஃபோர்னியால எல்.ஏ. செத்தோன்னு ஒரு கம்பெனி, இத்தாலில இருந்து வந்த ஆஞ்செலோ செத்தோ 1928ல ஆரம்பிச்சது, அவங்க போடுற நெப்பியோலோ ஒயின் மெக்சிகோ சிட்டி கடைங்கள்லயே கெடைக்கும், இத்தாலில இருந்து வர்றத விட வெல கொறவு.

பேச்சிப்பாறை:

யாரும் சிபிலோ சொல்லலியே. மெக்சிகோ சிட்டில இருந்து புவெப்லாங்கற ஊருக்கு பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கம், புவெப்லா பக்கத்துலயே சிபிலோன்னு ஒரு சின்ன ஊரு. 1882ல இத்தாலில வெனெத்தோ பக்கத்துல இருந்து வந்த விவசாயக் குடும்பங்க குடியேறின ஊரு, இன்னைக்கும் அவங்க பேரப்புள்ளைங்க வீட்டுக்குள்ள அந்த வெனெத்தோ பாஷ தான் பேசுகாங்க, இத்தாலில போய் பேசினா இப்ப உள்ள புள்ளைங்களுக்கே பழசாத் தெரியுற பேச்சு. மாடு வளப்பு, பாலு, சீஸு, வெண்ண தான் தொழிலு. வேலை விஷயமா புவெப்லால தங்கினப்ப அங்க போனேன், ரெஸ்டாரண்ட் பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, ஆனா சீஸு வாங்கிட்டு வாங்க. வீட்ல பாஸ்தா போடுற ஆளு இருக்காங்கன்னா அந்த சீஸுக்காகவே ஒரு ஞாயித்துக்கிழம போகலாம். காலைலயே போயிருங்க, மத்தியானத்துக்கு மேல கடைல நல்லது எல்லாம் தீந்துரும். ஐஸ் பெட்டி ஒண்ணு கைல இருந்தா கொள்ளாம்.

தக்கலைப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வெவரமா வரும்னு நெனைக்கல. வீட்டுக்காரிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன், மோதெனாக்காரர் கடைன்னு சொன்னதும் அத உறுதி பண்ணிட்டா, ரென்னெட் விஷயம் மட்டும் யோசிச்சுட்டு இருக்கா. குக்கர் ரெண்டா கொண்டு போறோம். ஆரல்வாய்மொழி அண்ணே, நீங்க சொன்னதும் மனசுல இருக்கு, எல் கலிஃபா கண்டிப்பா போவேன்.

ஒரு சந்தேகம் மட்டும், குளச்சல் அக்கா. எனக்க ஸ்பானிஷ் இன்னும் பாதில தான் நிக்கு. சர்தோரியால புக் பண்ணும்போதே சைவம்னு சொல்லணுமா இல்ல போய் சொன்னா போதுமா? பொறவு உடுப்புக்கு எதாவது கட்டுப்பாடு உண்டா, அவ சேல கட்டணும்னு சொல்லுகா.

குளச்சல் மருமக:

புக் பண்ணும்போதே சொல்லிருங்க தம்பி. ஆன்லைன்ல புக் பண்ணுற எடத்துல குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், அதுல சைவம், முட்டையும் பாலும் உண்டு, கோழித்தண்ணி கூடாதுன்னு ஸ்பானிஷ்ல எழுதிப் போடுங்க, வடசேரி தம்பி சொன்ன வார்த்தைங்களோட சின் கால்தோ தெ போயோவையும் சேத்துக்கிடுங்க. கல்யாண நாளுன்னும் எழுதுங்க. ரென்னெட் இல்லாத சீஸு வேணும்னா அதையும் அப்பவே கேட்டுருங்க, போய் உக்காந்த பொறவு கேட்டா அவங்களால ஒண்ணும் மாத்த முடியாது. ரோமால இருக்க கடைங்கள்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க இருப்பாங்க, நேர்ல பேசிக்கிடலாம், பயப்பட வேண்டாம்.

சேல தாராளமா கட்டச் சொல்லுங்க, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆசையா பாத்து எந்த ஊருன்னு கேப்பாங்க. ஆனா இந்த ஊரு ஒசரத்துல இருக்கதால பொழுது சாஞ்சா குளிரு ஏறிரும், மே மாசம் கூட ராத்திரி ஒரு சால்வ வேணும். ரோமால நடபாதை எல்லாம் மரத்து வேரு தூக்கி ஏத்தமும் எறக்கமுமா கெடக்கும், ஹீல்ஸ் வேண்டாம், தட்டையான செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க. வீடு உறுதியானதும் எந்தத் தெருன்னு எனக்கு மெசேஜ் போடுங்க, பக்கத்துல நல்ல காய்கறிச் சந்தை எந்த நாளு கூடும்னு சொல்லுகேன்.